அழையாத வாசல்

ஒக்டோபர் 14, செவ்வாய். இத்தா 97ஆம் நாள்.

காலை முதல் மழை. கூரைப் பீலியில் பலாவிலை அடைத்துக்கொண்டது. ஏணி வைத்து ஏறினேன். கீழே பிடித்துக்கொண்டு மனைவி ஸாஹிரா: "எழுவத்திநாலு வயசுல கூரையில ஏறுற. விழுந்தா இந்த ஊட்டுல ஒரே நேரத்துல ரெண்டு இத்தா."

கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டைப் பூட்டி மூன்று மாதம் கழிந்தது. புத்தக அலுமாரியில் கறையான் ஏறியிருக்குமோ என்ற கவலை. எனினும், கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் கணவன் வீட்டிலேயே ஒதுங்கி இத்தா இருத்தல் மறை விதித்த முறை. தங்கை பரீதாவுக்குப் பிள்ளையில்லை. தனியே விட இயலாது. ஆதலால் அக்குறணையில், அவள் கணவர் மர்ஹூம் ஹனீபா மச்சானின் வீட்டில், நாங்கள் இருவரும் விருந்தினர்.

நண்பகல் ளுஹர் தொழுகைக்குப் பின் அவன் மீண்டும் வந்தான். மூன்றாம் முறை. யோகராஜா, ஹேவாஹெட்டயில் தேயிலைத் தோட்டத்து ஆள். ஜூலையில் சுபஹுத் தொழுகைக்காக வீதியைக் கடந்த மச்சானை மோதிய மரக்கறி லொறியின் சாரதி. இப்போது பிணையில். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறான். குடையில்லை. கேட்டுக்கு வெளியே நின்றான்.

"ஐயா, அம்மாகிட்ட ஒரு நிமிசம் பேசிட்டுப் போயிறேங்க."

"அவங்க இத்தாவுல ஈக்கிறாங்க. வெளி ஆம்புளையளப் பாக்க மாட்டாங்க."

"பாக்க வேணாங்க. பேசினா போதும்."

"பேசவும் ஏலா."

"அது எப்ப முடியுங்க?"

"நவம்பர் நடுவுல. அதுக்குப் பொறகும் வர வேணா."

போனான். வழக்கைத் தணித்துக்கொள்ளக் கெஞ்ச வருகிறான் என்பது தெளிவு. வேறென்ன இருக்க முடியும்?

மாலை ஐந்தரைக்குப் பெண்கள் இருவரும் தொலைக்காட்சிக்கு முன்னால். 'அழையாத வாசல்'. பிறநாட்டுத் தொடர், தமிழில் குரல் கொடுத்தது. இரத்தம் குடிக்கும் ஒருத்தியின் காதலும் பழியும். வெண்ணுடை உடுத்து இத்தாவிலிருப்பவள் பார்க்கத் தக்கதா? சொல்ல வாயெடுத்தேன்; சொல்லவில்லை. மாலைத் தொழுகைக்கு அழைக்கும் மஃரிப் அதானுக்கு முன் முடிந்துவிடுகிறது, அதுவரை நன்று.

இராச்சோற்றின்போது பரீதா என்னிடம் நாள்தோறும் கேட்கும் அதே கேள்வி. "நானா, தண்ணி யாராவது குடுத்தீப்பாங்களா?"

உயிர் பிரியும் நேரத்தில் வாயில் நீர் ஊட்டுவதும், காதருகே கலிமா சொல்வதும், முகத்தை மேற்கே கிப்லாவின் பக்கம் திருப்பிவிடுவதும் அருகிலிருப்போர் கடன். மூன்றில் ஒன்றேனும் நடந்ததா? அந்த விடியற்காலைப் பனியில் ஊரார் எவரும் இல்லை. ஊரார் ஓடிச் சேர்ந்தபோது உயிர் இல்லை. பொலிஸ் அறிக்கையில் தூரத்தின் அடிக்கணக்கு மட்டும். மருத்துவ அறிக்கையில் எலும்புகளின் பெயர்கள் மட்டும்.

"அல்லாஹ் குடுத்தீப்பான்" என்றேன்.

சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டாள்.

ஒக்டோபர் 15, புதன். 98.

மழை விட்டது. வாங்க வேண்டியவை: பரீதாவுக்கு அழுத்த மாத்திரை. செருப்புக்கு வார். கேட் கீலுக்கு எண்ணெய் (கத்துகிறது).

மாலை பத்திரிகையை விரித்துக்கொண்டு கூடத்துக் கதிரையில் அமர்ந்தேன். வீட்டில் என்ன நஞ்சு ஓடுகிறதென்று அறியும் பொறுப்பு எனக்கு உண்டு.

கதை இவ்வளவு. பனி மூடிய மலையூர். இரீனா என்ற புதுமணப்பெண். அவள் கணவன் ஆந்திரேயை ஊர்ப்பிரபுவின் மக்கள் வேட்டைக்கு அழைத்துச் சென்றார்கள், அவன் திரும்பவில்லை. எங்கே இறந்தான், எவ்வாறு இறந்தான், ஒருவரும் சொல்லவில்லை. அவள் அழுது மாண்டு இரத்தம் குடிப்பவளாய் எழுந்து, முந்நூறு ஆண்டுகளாய் அப்பிரபுவின் வழிவந்தோரை ஒவ்வொருவராய்த் தேடிக் குடிக்கிறாள். இப்போது கடைசி ஒருவன் எஞ்சியிருக்கிறான். அவன் முகம் ஆந்திரேயின் முகம்போல் இருப்பது அவளுக்குத் தொல்லை.

விதிகளும் உள. பகலில் வெளியே வரமாட்டாள். கண்ணாடியில் தெரியமாட்டாள். வீட்டுக்காரர் வாய் திறந்து "உள்ளே வா" என்று அழைத்தாலன்றி வாசற்படி தாண்டமாட்டாள்.

இக்கடைசி விதியை எண்ணி வியந்தேன். நம் பழம் புறப்பாட்டின் களத்துப் பேய்மகளிர் எவர் அழைப்புக்கும் காத்திருப்பதில்லை. நிணம் தின்று, குடர் மாலை சூடி, கூத்தாடிவிட்டுப் போவார்கள். இவளிடம் ஏதோ ஒரு நாணம் இருக்கிறது.

ஸாஹிரா திரும்பாமலே: "அந்தப் பக்கம் மரண அறிவித்தல். அர மணித்தியாலமா அதயேவா வாசிக்கிற?"

பரீதா சிரித்தாள். ஜூலைக்குப் பின் நான் கேட்ட முதற் சிரிப்பு.

ஒக்டோபர் 17, வெள்ளி. 100.

ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசல் நிறைந்திருந்தது. மச்சான் வழக்கமாக அமரும் தூணருகே வேறு யாரோ. முறைதான், இடம் எவருக்கும் எழுதி வைக்கப்படவில்லை. எனினும் மனம் அந்த மனிதர்மேல் சினந்தது.

மச்சானுக்கான இரங்கல் வெண்பா. மூன்றடி வந்து ஐம்பது நாள். ஈற்றடி இல்லை.

மாலை தொடர் தொடங்குமுன் சொல்லிவிட்டேன். "பரீதா, இது பழி வாங்குற கத. இத்தாவுல மனசச் சுத்தமா வெச்சிக்கொள்ள வேணும். இதப் பாக்குறது நல்லமில்ல."

அவள் எழவில்லை. தொலைக்காட்சியை இயக்கும் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "இத நாந்தானா பாக்கத் தொடங்கின? அவரு தான் தொடங்கின. கடையச் சாத்திட்டு அஞ்சரைக்கு ஓடி வருவாரு. ஒங்களுக்குத் தெரிய வரும்டு பயந்து, நீங்க வந்தா செய்திய மாத்துவாரு."

ஹனீபா மச்சான். ஏலம் கராம்பு வணிகர், பள்ளி நிருவாகத்தில் இருபது ஆண்டு. இரத்தம் குடிக்கும் பெண்ணைப் பார்க்கக் கடை சாத்தி ஓடிவந்தவர். நம்புவதற்குச் சற்று நேரம் பிடித்தது.

"இரீனாக்கு அவன்ட சங்கதி தெரிய வருமா வராதான்டு ஒவ்வொரு நாளும் கேப்பாரு. நான் என்னத்தக் கண்ட? பாத்துக்கிட்டு ஈப்பம்டு சொல்லுவன்." பின்னர் குரல் தாழ்ந்தது. "அந்தக் கதட முடிவு அவருக்குத் தெரியா. அவர்ட முடிவு எனக்குத் தெரியா. ஒண்டையாவது பாத்து முடிக்கிறன் நானா. விடுங்கோ."

விட்டுவிட்டேன். ஸாஹிரா என்னைப் பார்த்த பார்வை இங்கு எழுதத் தக்கதன்று.

ஒக்டோபர் 21, செவ்வாய். 104.

தூறல். நேற்றுத் தீபாவளி, கண்டி வீதியில் இன்னும் வெடிக் காகிதம்.

அவன் வந்தான். நான்காம் முறை. பெண்கள் பின்கட்டில் இருந்தார்கள். கையில் ஒரு பை, கரட்டும் லீக்ஸும்.

"நம்ம தோட்டத்துல போட்டதுங்க. அம்மாவுக்கு."

"கொண்டு போங்க."

"நேத்து தீவாளி கூட கொண்டாடலீங்க ஐயா. மனசு கேக்கல."

"வழக்கப் பத்தி இஞ்ச ஒண்டும் கதைக்க ஏலா. ஒங்கட லோயர்ட்ட சொல்லுங்க."

அவன் பையைக் கீழே வைத்தான். "வழக்கு என்னமோ ஆகட்டுங்க. ஜெயில்னா ஜெயிலு. நான் அதுக்கு வரலீங்க. அன்னிக்கி அவரு மடியில கெடக்கும்போது உசுரு இருந்திச்சுங்க. கொஞ்ச நேரம் பேசினாரு. அத அம்மாகிட்ட சொல்லணும்."

கேட்டின் கம்பியைப் பிடித்திருந்தேன். ஈரம். குளிர்ந்திருந்தது.

"என்னட்ட சொல்லுங்க. நான் சொல்றன்."

"இல்லீங்க ஐயா. கோவிச்சிக்காதீங்க. சம்சாரத்துகிட்ட தான் சொல்லணும்னு நெனச்சிருக்கேன்."

இங்கே உண்மையை எழுதிவிட வேண்டும். இந்தப் புத்தகத்தைத் தவிர வேறு எவரும் கேட்கப்போவதில்லை. நூறு நாளாய் என் தங்கை எதற்கு ஏங்குகிறாளோ அது கேட்டுக்கு வெளியே மழையில் நிற்கிறது என்பது அந்நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் கேட்டைச் சாத்தினேன். ஏன்? கேட்கக்கூடாத ஏதேனும் அவன் சொல்லிவிடுவானோ என்ற அச்சம் ஒன்று. என்னிடம் சொல்ல மறுத்தானே என்ற செருக்கு ஒன்று. மூன்றாவது எல்லாவற்றினும் தாழ்ந்தது: மச்சானின் கடைசிச் சொல்லை இவன் கேட்டிருக்கிறான், நான் கேட்கவில்லை.

பஸ் சிட்டையின் பின்புறம் தன் தொலைபேசி எண்ணை எழுதிக் கம்பிக்கிடையில் செருகிவிட்டுப் போனான். பையை எடுக்கவில்லை. ஸாஹிரா கேட்டாள், மரக்கறிக்காரர் கொடுத்தது என்றேன். இரவுக்கு லீக்ஸ் சமைத்தார்கள். என்னால் உண்ண முடியவில்லை.

ஒக்டோபர் 22, புதன். 105.

சுபஹுக்கு எழுந்தேன். இரண்டு ரக்அத்தா மூன்றா என்று மறந்தது. திரும்பத் தொழுதேன்.

பத்து மணிக்குப் பஸ் பிடித்துக் கட்டுகஸ்தோட்டை வீட்டுக்குப் போனேன். அலுமாரியில் கறையான் இல்லை. மார்க்கச் சட்ட நூல்களை இறக்கி இத்தாவின் பாடங்களைப் பார்த்தேன். எதற்குப் பார்த்தேன்? முப்பது ஆண்டுகளாய் அறிந்ததுதான். தேவையான காரியத்துக்காகத் திரைக்கு அப்பாலிருந்து பிற ஆடவனோடு பேசுவது அவளுக்கு விலக்கன்று. 'பேசவும் ஏலா' என்றேனே, அது சட்டமன்று, நான் வைத்த பூட்டு. மறையின் பெயரால் வைத்த பூட்டு. வேறு எவனாவது இவ்வாறு செய்திருந்தால் பள்ளியில் எழுந்து நின்று கண்டித்திருப்பேன்.

திரும்பி வர ஐந்து இருபது. பத்திரிகையை எடுக்கவில்லை. நேரே அமர்ந்து பார்த்தேன்.

இன்றைய பகுதி: கடைசி வழித்தோன்றலின் வீடு. பனிப்பொழிவு. இரீனா வாசலில். அவளுக்கு இரத்தம் வேண்டாம். அவன் முன்னோர் எழுதி வைத்த பழைய கடிதமொன்று அந்த வீட்டுப் பெட்டகத்தில் இருக்கிறது. ஆந்திரே எங்கே கிடக்கிறான் என்பது அதில். "ஒரு முறை அழை. படித்துவிட்டுப் போய்விடுகிறேன்" என்கிறாள். உள்ளே அவன் சிலுவையைப் பிடித்துக்கொண்டு, வேதம் வாசித்துக்கொண்டு, அழைக்கவே இல்லை. விடியும்வரை அவள் வாசலிலே நிற்கிறாள்.

ஸாஹிரா: "கூப்பிட்டா கடிச்சிப் போடுவாண்டு பயப்புட்றான், பாவம்."

பரீதா: "என்ன பாவம். ஓதிக்கிட்டு ஈக்கிறானே தவிர, ஒரு சொல்லு சொல்றானா? எனக்கிண்டா அந்த ஊட்டுக்காரன் தான், மதினி, பேய்."

அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் எழுந்து தொழுகைக்கு ஒளுச் செய்யப் போனேன். அதானுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

ஒக்டோபர் 23, வியாழன். 106.

வெயில். துணி காய்ந்தது.

சிட்டையிலிருந்த எண்ணுக்கு அழைத்தேன். பின்னால் கொழுந்து நிறுக்கும் இரைச்சல். "நாளைக்கி வாங்க" என்றேன்.

இரைச்சல் குறைந்தது, தள்ளி நடந்தான் போலும். பின்: "உள்ள வரலாமுங்களா?"

"வரலாம்."

பரீதாவிடம் சொன்னேன். அந்தச் சாரதி பேச வருகிறான், மச்சான் கடைசியாகச் சொன்னது அவனுக்குத் தெரியும் என்று மட்டும். எத்தனை முறை வந்தான் என்பதைச் சொல்லவில்லை.

அரிசிச் சுளகைக் கீழே வைத்தாள். "உசிரு ஈந்ததா?"

"ஈந்ததாம்."

அறைக்குள் போனாள். இன்று அவர்கள் தொடர் பார்க்கவில்லை. நாளை கடைசிப் பகுதியாம், ஸாஹிரா சொன்னாள்.

ஒக்டோபர் 24, வெள்ளி. 107.

ஜும்ஆ முடிந்ததும் கூடத்துக்கும் உள்ளறைக்கும் இடையே திரை கட்டினேன். மச்சான் மாத்தளையில் வாங்கிவந்த பூப்போட்ட துணி. கம்பி தொய்ந்தது; இரண்டு ஆணி கூடுதலாக அடித்தேன்.

இரண்டு மணிக்கு வருவான் என்றிருந்தோம். தென்னகும்புரையில் பஸ் பழுது. வந்தபோது ஐந்தரை ஆகிவிட்டது. காத்திருந்து களைத்து ஸாஹிரா தொடரைப் போட்டிருந்தாள். கடைசிப் பகுதி, தலைப்பிசை ஓடிக்கொண்டிருந்தது.

கேட் திறந்தே இருந்தது. அவன் வெளியில் நின்றான். வெள்ளைச் சட்டை, பொத்தான் கழுத்துவரை. "வாங்க" என்றேன். இரண்டடி வந்து வாசற்படிக்குக் கீழே மீண்டும் நின்றுவிட்டான், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி. நான்கு முறை திருப்பியனுப்பப்பட்டவன் ஒரு சொல்லை எவ்வாறு நம்புவான்?

திரைக்குப் பின்னிருந்து பரீதாவின் குரல்: "உள்ளுக்கு வாங்க தம்பி."

வந்தான். கதிரை கொடுத்தேன், நுனியில் அமர்ந்தான். தொலைக்காட்சியில் இரீனா பனியில் நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

"மதினி, அத அணைங்கோ."

"இண்டைக்கிக் கடைசி..."

"அணைங்கோ."

அணைந்தது. மழையில்லை. வீதியில் பஸ் ஒன்று போன ஒலி. பின் அவன் பேசினான். தரையைப் பார்த்துக்கொண்டு, பல நாள் மனனம் செய்ததைப்போல்.

"அம்மா, நான் வேகமா வரல. அத கோட்டுல சொல்லிக்கிறேன், இங்க சொல்ல வரல. பனியில தெரியலீங்க. மோதினதும் எறங்கி ஓடினேன். மடியில தூக்கி வச்சேன். யாரும் இல்ல. கத்தினேன், யாரும் வரல. தண்ணி கேட்டாருங்க."

திரை அசைந்தது.

"தண்ணி இல்லீங்க என்கிட்ட. போத்தல்ல பிளேன்டீ இருந்திச்சு, வீட்டுல ஊத்திக் குடுத்தது. சூடு ஆறியிருந்திச்சு. மூடியில ஊத்திக் குடுத்தேன். மூணு மொடக்கு குடிச்சாரு."

ஸாஹிரா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிறகு பரீதா கேட்டாள். நான் எதிர்பார்த்த எந்தக் கேள்வியும் அன்று.

"சீனி போட்டதா?"

அவன் திகைத்தான். "ஆமாங்க. நல்லா இனிப்பா தான் போடுவாங்க நம்ம பக்கம்."

திரைக்குப் பின்னால் ஒரு சத்தம். அழுகையென்று எழுந்தேன். அழுகை மட்டுமன்று. "பதினொரு வருசம்" என்றாள். "பதினொரு வருசமா, சீனி வருத்தம்டு, சீனி குடுக்கல்ல நான். மொடக்குக்கு மொடக்கு ஏசுவாரு."

"குடிச்சிட்டு 'நல்லா ஈக்கிது'ன்னு சொன்னாருங்க" என்றான் யோகராஜா.

"சொல்லுவாரு. சொல்லுவாரு."

அவன் சற்றுத் தேறினான். ஆயினும் கைகள் செருப்பை விடவில்லை, மடியில் வைத்திருந்தான். "இன்னொன்னு இருக்குங்கம்மா. அதுக்கு தான் தூக்கம் இல்ல. 'தம்பி, என்னைய மேக்கால திருப்புங்க'ன்னாரு. ரெண்டு தடவ சொன்னாரு. எனக்கு தெச தெரியலீங்க. இருட்டு, பனி. நம்ம ஊருன்னா மலையப் பாத்து சொல்லிருவேன். சுத்திச் சுத்திப் பாத்தேன். பள்ளி வெளக்கு மட்டும் மஞ்சளா தெரிஞ்சிச்சு. ஒங்க ஆளுங்க பள்ளியப் பாத்து தானே கும்புடுவாங்கன்னு அந்தப் பக்கமா மொகத்தத் திருப்பினேன். அவரு வாயில ஏதோ ஓதினாரு. அப்புறம் இல்ல."

அப்போதுதான் என்னை நோக்கி முகத்தை உயர்த்தினான். "அது மேக்கு தானுங்களே ஐயா?"

பள்ளி வீதிக்குக் கிழக்கே நிற்கிறது.

ஆமென்றால் பொய். இல்லையென்றால் இவன் ஆயுள் முழுதும் உறங்கமாட்டான், அவளும்.

பரீதா முந்திக்கொண்டாள். குரலில் நடுக்கம் இல்லை. "பள்ளி கெழக்கால தம்பி."

அவன் தலை கவிழ்ந்தது.

"கேளுங்க. இருட்டுல கிப்லா தெரியாம, தேடிப் பாத்து, இது தான்டு ஒரு பக்கம் திரும்பித் தொழுதா, பொறகு பிழையிண்டு தெரிஞ்சாலும் அந்தத் தொழுகை சரி. எங்கட வாப்பா சின்னதுல சொல்லித் தந்த. நீங்க தேடினீங்க தானே?"

"தேடினேங்கம்மா."

"அப்ப அது தான் அவர்ட மேக்கு."

அவன் அழுதான். ஆண் ஒருவன் அவ்வாறு அழுது நான் கண்டதில்லை, குனிந்து, செருப்பின்மேல்.

தேநீர் வந்தது. குடித்தான். எழும்போது பரீதா கேட்டாள்: "இதச் சொல்ல இவ்வளவு நாளா ஏன் தம்பி வரல்ல?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. அதுதான் என்னைச் சுட்டது. பார்த்திருக்கலாம்.

"வேல ஜாஸ்திங்கம்மா. தோட்டத்துல லீவு குடுக்கல."

கேட்வரை கூடச் சென்றேன். "ஏன் அப்பிடிச் சொன்ன?" என்றேன்.

"பெரியவங்க நீங்க. வீட்டுப் பொம்பளைங்க முன்னால எதுக்குங்க" என்றான். "வாறேங்க ஐயா."

மஃரிப் அதான் ஒலித்தது. தொழுகையில் இன்று எண்ணிக்கை மறக்கவில்லை. ஆனால் 'தேடினீங்க தானே' என்பது நெற்றி தரைபட்ட ஒவ்வொரு சுஜூதிலும் வந்தது. அவன் தேடித் தவறியவன். நான் திசை தெரிந்திருந்தும் திரும்பாதவன். அதற்கு எந்த நூலிலும் விலக்கு இல்லை.

ஒக்டோபர் 25, சனி. 108.

மேகம். வெண்பாவை மீண்டும் எடுத்தேன். பிளேன்டீயை எந்தச் சீருக்குள்ளும் அடக்க முடியவில்லை. தாளைக் கிழித்தேன்.

காலைச் சாப்பாட்டுக்குப் பின் பரீதா வெள்ளைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே அமர்ந்து சொன்னேன்.

"அவன் நேத்து சொன்னது பொய். வேல இல்ல காரணம். நாலு முற வந்தான். நான் தான் திருப்பி அனுப்பின."

மடிப்பு நின்றது. "மொத முற எப்ப?"

"ஓகஸ்ட்ல. நாப்பதாம் நாளுக்கு முந்தின கெழம."

மனத்துக்குள் கணக்கிட்டாள், உதடு அசைந்தது. "எழுவது நாளுக்கு மேல. ஒவ்வொரு நாளும் சோத்துக்கு முன்னால ஒங்கள்ட்ட கேட்ட நான். தண்ணி குடுத்தாங்களாண்டு."

"ஓ, கேட்ட தான்."

"சட்டம் தெரியாமலா?"

"தெரிஞ்சிட்டுத் தான்."

"இது அவர்ட ஊடு நானா" என்றாள். "இந்தக் கேட்டுக்கு வந்த ஒருத்தரையாவது அவரு வெளிய நிப்பாட்டினதில்ல."

துணிகளை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். கதவு சாத்திய ஓசை கேட்கவில்லை. அவ்வளவு மெதுவாகச் சாத்தினாள்.

ஸாஹிரா குசினி வாசலில் நின்று எல்லாம் கேட்டிருந்தாள். நாற்பத்தெட்டு ஆண்டில் முதன்முறையாக என்னை ஏசவில்லை.

ஒக்டோபர் 26, ஞாயிறு. 109.

தங்கை என்னோடு பேசவில்லை. காலைத் தேநீர் வழக்கமாகப் பரீதா வைப்பாள்; இன்று ஸாஹிரா. நாள் முழுதும் நோன்பிருந்தேன். அதை எவரிடமும் சொல்லவில்லை. சொல்லாததும் ஒருவகைச் செருக்கோ?

ஒக்டோபர் 27, திங்கள். 110.

மூட்டம். ஹந்தானைப் பக்கம் மழை என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். மருந்து கிடைத்தது. செருப்பு வார் மாற்றியாயிற்று.

மாலை ஐந்தரை. அதே நேரத்தில் வேறொரு தொடர், சமையல் சம்பந்தப்பட்டது. ஒருவரும் பார்க்கவில்லை. ஸாஹிரா அடுத்த வீட்டில் 'அழையாத வாசல்' முடிவைக் கேட்டறிந்து வந்திருந்தாள். கூடத்தில் நின்று, "கடைசில அவன் அவளக் கூப்பிட்..." என்று தொடங்கினாள்.

பரீதா அறையிலிருந்து வெளியே வந்து கையுயர்த்தித் தடுத்தாள். "வேணா மதினி. அவருக்கும் தெரியா. எனக்கும் தெரிய வேணா."

ஸாஹிராவின் முகத்தில் ஏமாற்றம். இரண்டு நாளாய் அடக்கி வைத்திருந்தாள் போலும். குசினிக்குள் போய்ச் சட்டிகளை உரக்கக் கழுவினாள்.

பரீதா போகவில்லை. என் கதிரைக்கு அருகே, சுவரில் சாய்ந்து நின்றாள். வழக்கு டிசம்பரில். அங்கே என்ன சொல்வாள் என்று கேட்க நினைத்தேன். கேட்கும் உரிமை எனக்கில்லை.

"நானா." மூன்று நாளில் என்னை நோக்கிய முதற் சொல். "இத்தா முடியிற வரைக்கும் அந்தக் கேட்டச் சாத்த வேணா."

"சரி."

"யாரு வந்தாலும் நீங்க தான் எழும்பிப் போக வேணும். நீங்க தான் வாயத் தொறந்து உள்ளுக்குக் கூப்பிட வேணும். மதினி இல்ல. நீங்க."

"யாரு வந்தாலுமா?"

"யாரு வந்தாலும்."

இன்னும் பதினெட்டு நாள். கதிரையை வாசலோரம் இழுத்துப் போட்டு, இதை மடியில் வைத்து எழுதுகிறேன். கேட் அகலத் திறந்திருக்கிறது. காற்றில் கீல் கத்துகிறது, எண்ணெய் வாங்க மறந்துவிட்டேன். தூறல் தொடங்கிவிட்டது. சைக்கிளில் மீன்காரர், தலையில் உரப்பை கவிழ்த்துக்கொண்டு, நம் வாசலுக்கு நேரே நிறுத்துகிறார். வேலி ஓரம் ஒதுங்கி நிற்கிறார், உள்ளே வரத் தயங்கி. எழ வேண்டும்.